பின்மண்டைக் கோடு

முன்னால் இன்னும் நாலைந்து தலைகள்தான் பாக்கி. சுயம்புலிங்கம் முடி இறக்கும் மண்டபத்தின் ஈரத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தனக்கு முன்னால் இருந்தவர்களின் பின்மண்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். திருச்செந்தூருக்கு வருகிறவர்கள் கடலைப் பார்ப்பார்கள், கோபுரத்தைப் பார்ப்பார்கள், செருப்பை எங்கே விட்டோம் என்று பார்ப்பார்கள். இவன் பின்மண்டை பார்க்கிறவன். கல்யாணத்துக்கு முந்தின வருடத்திலிருந்து இது ஒரு வியாதி மாதிரி ஒட்டிக்கொண்டுவிட்டது. பஸ்ஸில் முன் ஸீட்டுக்காரன், பெட்ரோல் பங்கில் முன் வண்டிக்காரன், தூத்துக்குடி ஆபீஸில் மானேஜர் முதுகைக் காட்டித் திரும்புகிற அந்த ஒரு நொடி, எங்கேயானாலும் கண் நேராகக் காதுக்குப் பின்னால் போய் நிற்கும். கோடு இருக்கிறதா, புள்ளி இருக்கிறதா. ஒன்றும் இருக்காது. ஊரில் எல்லாரும் அவரவர் தலையோடுதான் இருக்கிறார்கள், நான் ஒருத்தன்தான் முடியைப் பின்னாலிருந்து பிடுங்கி முன்னால் நட்டவன் என்று நினைத்துக்கொள்வான். இந்த மண்டபத்தில் அந்தப் பார்வைக்கு நல்ல வேட்டை. கத்தி ஏறி இறங்கிய பிறகு மண்டை எதையும் ஒளித்துவைக்கிறதில்லை. அதோ அந்தப் பெரியவருக்கு உச்சியில் ஒரு பள்ளம், கைப்பிடி அரிசி கொட்டி வைக்கலாம். பக்கத்தில் பச்சை வேட்டிக்காரருக்குக் காதுக்கு மேலே பிறை மாதிரி வெள்ளையாக ஒரு தழும்பு, சின்ன வயதில் யாரோ கல்லெறிந்திருக்க வேண்டும், எறிந்தவனுக்கு இப்போது பேரன் பேத்தி இருக்கும். அதை அவர் கூச்சமே இல்லாமல் தடவிக்கொண்டு, உடன்குடி பஸ் எங்கே நிற்கும் என்று விசாரிக்கிறார். அடுத்தவன் எறிந்த கல்லால் வந்த தழும்புக்கு வெட்கம் கிடையாது. காசு கொடுத்து வாங்கிக்கொண்ட தழும்புக்குத்தான் வெட்கமெல்லாம். அவன் கை தன்னை அறியாமல் பின்னந்தலைக்குப் போயிற்று, முடிக்குள் விரல் நுழைந்து அந்த மேட்டைத் தொடப்போனது, சட்டென்று இறக்கித் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்வதுபோல் செய்தான். சக்தி அங்கேதான் நிற்கிறாள்.

பிரம்மசக்தி, அவன் பெண்டாட்டி, தோளில் ஒரு பையும் கையில் ஒரு கிலுகிலுப்பையுமாகத் தன் தம்பி லிங்கதுரையின் முன்னால் குனிந்து நின்று பிள்ளைக்கு வேடிக்கை காட்டிக்கொண்டிருந்தாள். முதல் மொட்டை தாய்மாமன் மடியில். பிள்ளை மடியில் உட்கார்ந்தானே தவிர மாமனை ஒரு மனுஷனாகவே மதிக்கவில்லை, மண்டபம் அதிரக் கத்தினான். நல்ல சத்தம். இந்தச் சத்தம் வருமா என்று காத்துக்கிடந்த நாட்கள் உண்டு. அவசரப்பட்டு முன்னதாகவே வந்து பிறந்த பிள்ளை, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான், இரண்டு உள்ளங்கைக்குள் அடங்குகிற உடம்பு, கையில் நரம்பு அகப்படவில்லை என்று தலையில் ஊசியைக் குத்தி ஒட்டுப் போட்டிருந்தார்கள், அழத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடினான். வயிற்றுத் தையல்கூட ஆறாமல் சக்கர நாற்காலியில் வந்து, அந்தக் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு சக்தி வேண்டினாள், முருகா, இவனைக் கொடுத்துரு, அப்பனும் மகனுமா வந்து உனக்கு முடி இறக்குவாவ. அப்பனைக் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. கேட்டிருந்தாலும் அப்பன் வேறு என்ன சொல்லியிருப்பான், முடி என்ன, அந்த நிமிஷத்தில் தலையையே கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பான். அந்த நிமிஷத்தில் அவனுக்குக் கோடு நினைவுக்கே வரவில்லை. அதை நினைத்து அவனுக்கு இப்போதும் கொஞ்சம் பெருமை உண்டு. பிள்ளை வீட்டுக்கு வந்து, தொட்டிலில் கிடந்து, மூச்சு சீராக வருகிறது என்று நின்று பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. அப்பனும் மகனும். முடி. பின்மண்டை. அன்றிலிருந்து பிள்ளை ஒவ்வொரு கிராம் ஏற ஏற அவன் சந்தோஷப்பட்டான், சந்தோஷத்துக்குப் பின்னாலேயே திருச்செந்தூரும் கிட்டத்தில் வந்துகொண்டிருந்தது. இதோ அந்தப் பக்கத்து நாவிதர் பிள்ளையை முடித்துவிட்டார். தேங்காய் மாதிரி ஒரு குட்டி மண்டை, காதுக்கு மேலே அன்று ஊசி குத்திய இடத்தில் கடுகளவு வெள்ளை. சக்தி பிள்ளையை வாங்கியதும் மூக்கைக்கூடத் துடைக்காமல் முதலில் அந்தக் கடுகைத் தேடிக் கண்டுபிடித்து முத்தம் கொடுத்தாள். அவன் பார்வையைத் திருப்பிக்கொண்டான்.

கோடா, புள்ளியா. ஒரு காலத்தில் அவனுக்கு இதைத் தவிர வேறு படிப்பு இல்லை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் எந்தக் கப்பல் எப்போது வரும் என்று பார்க்க வேண்டியவன், பார்க்கிறமாதிரி பார்த்துவிட்டு முடி நடுகிற கிளினிக்குகளின் படங்களைத்தான் பார்ப்பான். முதலில் வருவது சிரிக்கிற முகங்கள். இந்தப் பக்கம் வெறும் நெற்றி, அந்தப் பக்கம் அடர்ந்த கிராப்பு. அந்த முகங்களை அவன் சீக்கிரம் கடந்துவிட்டான். அவனைப் பிடித்துக்கொண்டது முதுகைக் காட்டி எடுத்த படங்கள், எந்த இடத்திலிருந்து எடுக்கிறார்களோ அந்த இடம். ஒரு முறையில், பின்மண்டையில் காதிலிருந்து காதுவரை முடியோடு சேர்த்துத் தோலையே ஒரு நாடா மாதிரி வெட்டி எடுத்துவிட்டு, இரண்டு கரைகளையும் இழுத்துத் தைத்துவிடுவார்கள். அந்த நாடாவிலிருந்து வேர் வேராகப் பிரித்து முன்னால் நடுவார்கள். மிஞ்சுவது ஒரு கோடு. சிலருக்குப் பென்சிலால் இழுத்த மாதிரி. சிலருக்குத் தையல் இறுகி, தழும்பு அகன்று, அரை விரல் அகலத்துக்கு முடியே இல்லாத வழவழப்பான ஒரு வரப்பு. இன்னொரு முறையில் வெட்டு கிடையாது, தையல் கிடையாது. குழாய் மாதிரி ஒரு நுண்ணிய ஊசியால் ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுப்பார்கள். மிஞ்சுவது புள்ளிகள், குண்டூசித் தலை அளவில், வெள்ளை வெள்ளையாக. அளவோடு எடுத்தால் இருக்கிற இடம் தெரியாது. ஆசைப்பட்டு அள்ளினால் பூச்சி அரித்த கம்பளி மாதிரி பின்மண்டையே வெளுத்துவிடும். ஒன்று ஒரே பெரிய பொய், மற்றது ஆயிரம் சின்னப் பொய் என்று அவனுக்குத் தோன்றும். பக்கத்து மேஜை ஜெபராஜ் புள்ளிக்காரன். அவனாகத்தான் ஒருநாள் சொன்னான், சொல்லிவிட்டு ஆபீஸ் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்ச் சீப்பால் பின்முடியை வகுந்து காட்டினான், இவன் போனில் லைட் அடித்துப் பார்த்தான். புள்ளிகள் இருந்தன, தேடினால்தான் இருந்தன. அந்த நேரம் பார்த்துக் கணக்குப் பிரிவு அண்ணாச்சி உள்ளே வர, பேன் பாக்கான் அண்ணாச்சி என்று ஜெபராஜ் அசராமல் சொன்னான். பிறகு சொன்னான், புள்ளியே போதும் சுயம்பு, ஒரே கஷ்டம், எடுக்கதுக்கு முந்தி மொட்டை போட்டுருவான், கொஞ்ச நாள் ஊருக்குப் பதில் சொல்லணும். நான் கிறிஸ்தவன், மொட்டைக்கு என்னத்தைக் காரணம் சொல்ல, டைபாய்டுன்னு சொன்னேன். உனக்கென்ன, திருச்செந்தூருக்கு நேர்ந்திருந்தேன்னு சொல்லிட்டுப் போயிரலாம்.

அங்கேதான் அவனுக்கு மாட்டியது. இன்றுவரை மாட்டிக்கொண்டு நிற்கிறது. சாமி பேரைச் சொல்லிப் பொய் மொட்டையா. ஆபீஸில் லீவுக்காக எத்தனையோ பேரைச் சாகடித்தவன்தான், ஆனால் முருகனுக்கு நேர்ந்தேன் என்று சொல்லிவிட்டுச் சென்னையில் கிளினிக்கில் போய் மொட்டை அடித்துக்கொள்ள அவனுக்கு மனசு வரவில்லை. நாளைக்கு ஏதாவது ஒன்று ஆனால் அதனால்தான் ஆயிற்று என்று ஆகிவிடும். கோடு முறைக்கு மொட்டை வேண்டாம். வெட்டுகிற பட்டையை மட்டும் கத்தரித்துக்கொள்வார்கள், மேலே இருக்கிற முடி படுதா மாதிரி விழுந்து தையலை மூடிக்கொள்ளும், யாருக்கும் எந்தப் பதிலும் சொல்ல வேண்டாம். டாக்டர் ஒரு தாளில் மண்டை வரைந்து, கோடு போட்டு, பின்னால் ஒரு இஞ்ச் முடி வைத்திருக்கும்வரை உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது என்றார். கடைசிவரை வைத்திருப்பீர்கள்தானே. வைத்திருப்பேன் என்றான். வலியை ஒப்பிட்டான், தழும்பின் அகலத்தை ஒப்பிட்டான், எத்தனை வேர் கிடைக்கும் என்று ஒப்பிட்டான், கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒப்பிட்டான், ஆனால் தன் தலையை இனிமேல் யார் கேட்பார்கள் என்பதில் ஏமாந்துபோனான். யோசிக்காமலும் இல்லை. அப்பாவுக்கு மொட்டை போட்டாயிற்று, ஒரே பிள்ளை, அம்மாவுக்கும் அவனே போட்டாயிற்று. அம்மாவுக்குப் போட்டது திரும்பி முளைத்தபோதுதான் முன்பக்கம் முளைக்கவில்லை, கண்ணாடி முன்னால் நின்று நின்று பார்த்ததெல்லாம் அதற்குப் பிறகுதான். இனி மொட்டை போட யாரும் மிச்சமில்லை என்று அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்து அவன் கணக்குப் பார்த்தான், பார்த்து முடித்துவிட்டுத்தான் கோடு என்று சொன்னான். போனவர்களை எண்ணினவன் வரப்போகிறவனை எண்ணவில்லை. கவிழ்ந்து படுக்க வைத்தார்கள், முகத்துக்கு ஒரு ஓட்டை, அந்த ஓட்டை வழியாகத் தரையில் நர்சுகளின் செருப்புகள் தெரிந்தன. வலியில்லை, ஆனால் சத்தம் கேட்டது, ஈரத்துணியைக் கத்தரிக்கிற மாதிரி ஒரு சத்தம், அது தன் தோல் என்று தெரிந்தும் வேறு யாருடையதோ என்று நினைத்துக்கொண்டான். நர்சுகள் ஹாஸ்டல் சாப்பாட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் தலையைச் சாய்க்க முடியாது, முன் ஸீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு தூத்துக்குடிவரை வந்தான். பக்கத்து ஸீட்டுக்காரர் தம்பிக்கு வாந்தி வருதா என்று கேட்டு ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தார்.

வரிசை நகர்ந்தது. உட்கார்ந்தபடியே உந்தி உந்தி முன்னால் போனான், தரையில் ஈர முடி காலில் ஒட்டியது. சக்தியின் வீட்டில் இவனுக்கு முன்னால் வந்த ஒரு மாப்பிள்ளையைப் போட்டோவைப் பார்த்ததோடு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், நல்ல வேலை, நல்ல குடும்பம், தலைதான் இல்லை என்று மாமியாரே பின்னால் ஒருநாள் சொல்லிச் சிரித்தாள். இவனைப் பார்த்ததும் மாமியாருக்குப் பிடித்தது இவன் முடிதான், அதாவது நட்ட முடி. ஆனால் அவனுக்குப் பயம் மாமியாரிடம் இல்லை. பெண் பார்க்கப் போன அன்று மாடி வராந்தாவில் இரண்டு பேரையும் பேசவிட்டார்கள், அவன் என்ன படிச்சிருக்கிய என்று தெரிந்ததையே கேட்டுக்கொண்டிருந்தபோது அவள் நேராகத் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னாள். உடன்குடியில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தவர். சரக்கு விஷயமாக நாகர்கோவில் போகிறேன் என்று அடிக்கடி போவார், திடீரென்று ஒருநாள் மண்டியிலேயே சாய்ந்துவிட்டார். இழவு வீட்டுக்குத் துட்டி கேட்க வந்தவர்களில் ஒருவர் டாக்டர், ஆறு மாதமாக என்னிடம்தானே நெஞ்சுவலிக்கு வந்துகொண்டிருந்தார், உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டார். சொல்லிவிட்டு அவள் அழவில்லை, அவனைப் பார்த்தாள். “அம்மைக்குத்தான் முடி, நிறம் எல்லாம் பெருசு. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். எதுனாலும் எங்கிட்ட சொல்லிருங்க. கெட்டதுனாலும் சொல்லிருங்க, அதுக்குப் பொறவு நான் பாத்துக்கிடுதேன்.” அந்த நிமிஷம் சொல்லியிருக்கலாம். வாயைக்கூடத் திறந்தான். கீழேயிருந்து காப்பி ஆறுது என்று லிங்கதுரை கூப்பிட்டான், இவன் வாயை மூடிக்கொண்டான், ஒரு காப்பியால் கெட்டது என்று இன்றைக்கும் நினைக்கிறான், காப்பி மேல் என்ன குற்றம் என்றும் நினைக்கிறான். கல்யாணமாகி, ஒரு சனிக்கிழமை அவள் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து பின்னால் உட்கார்ந்து கையை வைத்தபோது, துள்ளி எழுந்து, எனக்குப் பின்கழுத்துல ரொம்பக் கூச்சம் என்றான். அவள் சிரித்தாள். அன்றிலிருந்து இந்த மூன்று வருஷமாக அவள் கை அங்கே போனதில்லை. தோளைத் தொடும், கன்னத்தைத் தொடும், பின்னந்தலைப் பக்கம் போனால் நினைவு வந்து தானாகத் திரும்பிவிடும். அவனுக்குக் கூச்சம் என்று அவள் நம்பினாள், நம்பிப் பார்த்துப் பார்த்து நடந்துகொண்டாள், அதுதான் அவனைத் தின்றது. அவள் சந்தேகப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

போன வாரம் ஒரு முயற்சி செய்தான். பூமுடி கொடுத்தாலும் காணிக்கைதானாமே, நாலு கத்தரி முடி வெட்டிப் போட்டால் போதுமாமே என்று சும்மா பேச்சுவாக்கில் சொல்லிப்பார்த்தான். சக்தி பிள்ளைக்கு ஊட்டிக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கண்ணாடிப் பெட்டி இருந்தது. இல்ல, கேள்விப்பட்டேன், அவ்வளவுதான் என்று மென்று விழுங்கினான். அதற்குப் பிறகு பொய்களைத் தயார் செய்யத் தொடங்கினான். சின்ன வயதில் மாடிப்படியில் விழுந்தேன், ஆனால் அவன் பிறந்த வீட்டுக்கு மாடி கிடையாது, சக்தி பார்த்திருக்கிறாள். கிணற்றடியில் விழுந்தேன். சைக்கிளில் போகும்போது லாரிக்காரன் இடித்தான். அம்மா இருந்திருந்தால் எப்பலே விழுந்த என்று கேட்டிருப்பாள், அம்மாதான் இல்லையே, இனி அவன் சின்ன வயதில் எங்கே வேண்டுமானாலும் விழுந்துகொள்ளலாம். அப்படி நினைத்ததும் அவனுக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. ஆனால் விழுந்த காயம் இப்படிக் காதுக்குக் காது அளவெடுத்த மாதிரி நேராகவா இருக்கும். ஜெபராஜின் தலை எனக்கும் என் தலை அவனுக்கும் இருந்திருக்க வேண்டும். மொட்டையே போடத் தேவையில்லாதவனுக்கு மொட்டையிலும் மறைகிற புள்ளி, போட வேண்டியவனுக்கு மறையாத கோடு. புள்ளியாக இருந்திருந்தால் வேர்க்குரு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். முடித்தவுடன் சந்தனத்தை அப்பிக்கொண்டால் என்ன, சந்தனம் காய்ந்து உதிர்வதற்குள் ஊருக்குப் போய்விடலாம், ஊரில் தொப்பி வைத்துக்கொள்ளலாம், தொப்பியோடு தூங்கலாம். ஆனால் முதலில் கடலில் குளிக்க வேண்டும், பிறகுதான் சந்தனம். கடலுக்கும் கத்திக்கும் நடுவில் அவ்வளவு தூரம் வெறும் மண்டையோடு நடக்க வேண்டும், சக்தி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எப்போதும் அவனுக்குப் பின்னாலேயே நடக்கிறவள்.

வாங்க அண்ணாச்சி என்றார் நாவிதர். நடுவயசுக்காரர், சோர்ந்த கண்கள், காலையிலிருந்து எத்தனை தலையோ. சுயம்பு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அவர் புது பிளேடைப் பாதியாக உடைத்துக் கத்தியில் மாட்டினார், ஒரு சொம்புத் தண்ணீரைத் தலையில் விட்டுத் தேய்த்தார், தண்ணீர் காதுக்குள் போனது, மண்டபத்துச் சத்தம் தூரத்துக்குப் போய்விட்டது. கையால் தலையை முன்னால் அமுக்கினார். தன் மடியும் தன் முழங்காலும் தவிர ஒன்றும் தெரியவில்லை. கத்தி உச்சியில் தொட்டது. சர்ரென்று முன்னால் வந்தது, நட்ட முடி முதலில் விழுந்தது, மடியில் கொத்துக் கொத்தாக, கறுப்பாக, ஈரமாக. இது ஒவ்வொன்றும் எங்கே பிறந்து எங்கே வளர்ந்ததோ. திரும்ப முளைக்குமா. முளைக்கும், வேர் உள்ளே இருக்கிறது, டாக்டரிடம் போனில் கேட்டாயிற்று, ஜெபராஜிடம் கேட்டாயிற்று, இருந்தாலும் அம்மாவுக்குப் போட்டதும் முளைக்கும் என்றுதான் நினைத்தான். முளைக்காவிட்டால் போகிறது. பிள்ளை அழுது ஓய்ந்து விக்கிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது, இந்த விக்கலுக்காகத்தானே என்று நினைத்தான், நினைத்ததும் கொஞ்சம் தைரியம் வந்தது, கத்தி பக்கவாட்டில் இறங்கியதும் போய்விட்டது. இடது காது. பிறகு வலது காது. காதுக்குப் பின்னால் குளிர்ந்த காற்று பட்டது. கத்தியின் ஒவ்வொரு இழுப்பும் தோலில் சுரண்டிக்கொண்டு போவது தெரிந்தது, உச்சியிலிருந்து பின்னால் ஒரு இழுப்பு, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் கீழே. பிறகு ஒன்றும் தெரியவில்லை. கத்தி நின்றுவிட்டதா என்று நினைத்தான். நிற்கவில்லை, சத்தம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. தைத்த அன்றிலிருந்து அந்த இடம் மரத்துப்போனது, கிள்ளினாலும் தெரியாது. தன் தலையில் எது தெரியவில்லையோ அதுதான் இப்போது எல்லாருக்கும் தெரிகிறது என்று அவனுக்குப் புரிந்தது. சத்தமும் நின்றது.

“அண்ணாச்சி, தலையில என்னமும் ஆப்பரேசன் நடந்திருக்கா?” என்றார் நாவிதர். சாதாரணமாகத்தான் கேட்டார், எந்த இடத்தில் கத்தியை லேசாகப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளக் கேட்டார். ஆனால் நல்ல கனத்த குரல். சுயம்பு தலையைத் தூக்கவில்லை. சேலை சரசரக்கும் சத்தமும் லிங்கதுரை பிள்ளையோடு எழுந்து வருகிற சத்தமும் பின்னால் வந்து நின்றன. முதலில் சிரிப்பு வரும், பிறகு கேள்வி வரும், பிறகு கோபம் வரும் என்று அவன் மாதக்கணக்காக ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். எதுவும் வரவில்லை. லிங்கதுரைதான் பேசினான், நல்ல பையன், யாரையும் சங்கடத்தில் விடமாட்டான், சின்னப்பிள்ளையில எங்கயும் விழுந்திருப்பாவ, என்ன, அத்தான் என்று எடுத்துக் கொடுத்தான். தங்கத்தட்டில் வைத்து நீட்டிய மாதிரி. ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அதுவும் வேண்டாம், தலையை ஆட்டினால் போதும், தலைதான் ஏற்கனவே குனிந்து இருக்கிறதே. அப்போது சக்தி சுற்றிவந்து அவன் முன்னால் குந்தினாள், அவள் முகம் தெரிந்தது. அப்படி ஒரு முகத்தை அவன் ஒரே ஒருமுறைதான் பார்த்திருக்கிறான், கண்ணாடிப் பெட்டிக்கு இந்தப் பக்கத்தில். உதடு வெளுத்திருந்தது.

“என்ன ஆப்பரேசன்? மண்டைக்குள்ள என்னது? என்னங்க, உங்களுக்கு என்ன செய்யுது?”

அவன் ஒப்பிட்டுப் பார்த்த தழும்புகளில் இந்த முகம் இல்லை. இவள் முடியைப் பார்க்கவே இல்லை, மோசம் போனோமா என்று பார்க்கவில்லை, தன் அப்பாவைப் போல இந்த மனுஷனும் எத்தனை நாளாகச் செத்துக்கொண்டிருக்கிறான் என்று பார்க்கிறாள். “ஒண்ணும் செய்யல,” என்றான். “வியாதி ஒண்ணும் இல்ல சக்தி. முன்னால எனக்கு முடி கிடையாது. பின்னால இருந்து தோலை வெட்டி எடுத்து நட்டாவ. கல்யாணத்துக்கு முந்தி. சொல்லணும்னுதான் இருந்தேன்.” லிங்கதுரைக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது, அக்காவின் முதுகைப் பார்த்து அடக்கிக்கொண்டு, பிள்ளைக்குக் கோபுரத்தைக் காட்டுகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பினான். நாவிதர் சொம்பில் கையைக் கழுவினார். வேற ஒண்ணும் இல்லையே என்று அவள் கேட்டாள். பிள்ளை மேல சத்தியமா இல்லை என்றான். பிள்ளை மேல ஏன் சத்தியம் பண்ணுதிய என்று அதட்டினாள். அதட்டல் வந்ததும் அவள் முகத்துக்கு ரத்தம் திரும்பி வந்தது.

எழுந்து அவன் பின்னால் போனாள். அவள் விரல் வலது காதுக்குப் பின்னால் பட்டது, மூன்று வருஷத்தில் முதல் தடவை. கோட்டின் மேல் மெல்ல நகர்ந்தது. நடுவில் மரத்த இடத்தில் அவனுக்கு அது தெரியாமல் போயிற்று, எடுத்துவிட்டாளோ என்று பயந்தான், இவ்வளவு நேரம் ஆகுமா ஒரு கோட்டைக் கடக்க, எடுத்துக்கொண்டு போய்விட்டாளோ, பிறகு இடது காதுக்குப் பக்கத்தில் அந்த விரல் மறுபடி வந்து சேர்ந்தது.

“யாரு கூட இருந்தா?” என்றாள்.

அவனுக்கு விளங்கவில்லை.

“இவ்வளவு நீளத்துக்கு வெட்டித் தச்சிருக்காவல்லா. அன்னைக்கு ஆஸ்பத்திரியில உங்க கூட யாரு இருந்தா?”

“யாரும் இல்ல.”

“வீட்டுக்கு எப்படி வந்திய?”

“பஸ்ஸுல.”

திரும்பிப் பார்க்க அவனுக்குத் தைரியம் இல்லை, நாவிதரின் கண்ணைப் பார்த்தான், அவர் கத்தியைப் பிடித்தபடி அவன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது. “வீட்டுக்கு வாங்க, இருக்கு உங்களுக்கு,” என்றாள் சக்தி. கோபமாகத்தான் சொன்னாள், அந்தக் கோபம் லேசில் தீரப்போவதில்லை என்று அவனுக்குத் தெரிந்தது. பிள்ளையை நீயே வச்சுக்கோ என்று தம்பியிடம் சொன்னாள். தோள் பையையும் கழற்றித் தம்பியிடமே கொடுத்தாள். அப்புறம் சேலையைக் கூட்டிப் பிடித்துக்கொண்டு அந்த ஈரத் தரையில், விழுந்து கிடந்த முடியின் மேலேயே, அவனை ஒட்டி உட்கார்ந்து, மிச்சத்தையும் செய்யுங்க என்று நாவிதரிடம் சொன்னாள்.